குத்தியது யார் கை? நிரம்பியது யார் பை?

பல்லாவரத்திலிருந்து பெருங்களத்தூர் வரை தெருவுக்குத் தெரு உடற்பயிற்சிக் கூடங்கள் முளைத்திருக்கின்றன. அவற்றில் பலவற்றின் சுவர்களில் ஒரு கறுப்பின வீரரின் படம் தொங்குகிறது. நம் இளைஞர்கள் போட்டுத் திரியும் பனியன்களிலும் அதே படத்தைக் காண்கிறோம். முகம்மது அலி என்ற பெயர் அவர்களுக்குப் பாடம். ஆனால் அந்தப் பெயரோடு சேர்த்து அவர்களுக்குச் சொல்லப்படும் கதை என்ன? பாடுபட்டால் உயரலாம், துணிந்தால் கோடி சம்பாதிக்கலாம், தனி மனிதன் தன் கைப்பலத்தால் உலகத்தையே வென்றுவிடலாம் என்ற கதை! இந்தக் கதையில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை மறைத்துவிட்டார்கள். ஆலைத் தொழிலாளிக்கும் வயல் தொழிலாளிக்கும் தேவைப்படுவது மறைக்கப்பட்ட அந்தப் பாதிதான். எனவே இந்த வாரத் தலையங்கத்தை ஒரு குத்துச் சண்டை வீரரின் வாழ்க்கைக்கு ஒதுக்குகிறோம்.

“தொழிலாளர் பத்திரிகையில் குத்துச் சண்டைக்கு என்ன வேலை?” என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. நமது பதில் இது: காசுக்காகக் குத்துச் சண்டை போடுகிறவன் சந்தையில் விற்பது எதை? தன் உடலை. நாகல்கேணித் தோல் ஷெட்டில் சுண்ணாம்புத் தொட்டியருகே நிற்பவன் விற்பதும் அதைத்தான். முடிச்சூர்ப் பக்கம் இடுப்பொடியக் குனிந்து நாற்று நடும் சகோதரி விற்பதும் அதைத்தான். வித்தியாசம் ஒன்றுதான். நம் உடல் தேய்வதை யாரும் டிக்கெட் வாங்கிப் பார்ப்பதில்லை; அவன் உடல் சிதைவதைப் பார்க்க டிக்கெட் விற்கிறார்கள். மேடையில் விளக்கு வெளிச்சம் பளிச்சென்று விழுவதால், ஆலையில் மறைந்து கிடக்கிற உண்மைகள் அங்கே அப்பட்டமாகத் தெரிகின்றன.

பதினொரு கனவான்களும் ஒரு பையனும்

1942 ஜனவரி 17-ஆம் தேதி அமெரிக்காவில் கென்டக்கி மாகாணத்தின் லூயிவில் நகரில் பிறந்தார், காசியஸ் கிளே. தகப்பனார் விளம்பரப் பலகை எழுதுகிற பெயின்டர். தாயார் வெள்ளையர் வீடுகளில் சமையலும் துப்புரவும் செய்தவர். கறுப்பினத்தார் வெள்ளையரோடு ஒரே ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட முடியாத ஊர் அது. தீண்டாமையை நாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. தனிக் குவளை எப்படிப்பட்டது என்பது நம் கிராமங்களுக்குத் தெரியும். அங்கே ஜாதிக்குப் பதில் தோலின் நிறம், அவ்வளவே.

1954-இல், பன்னிரண்டு வயதில், அந்தப் பையனின் சைக்கிள் களவு போயிற்று. திருடியவனை அடித்து நொறுக்கப் போவதாக அவன் ஒரு போலீஸ்காரரிடம் குமுறினான். அவர் குத்துச் சண்டை கற்பிப்பவரும்கூட. அடிக்கப் போவதற்கு முன் அடிக்கக் கற்றுக்கொள் என்று அழைத்துப் போனார். ஆறே ஆண்டுகளில், 1960-இல், ரோம் ஒலிம்பிக்கில் அந்தப் பையன் தங்கப் பதக்கம் வென்றான். அப்போது வயது பதினெட்டு. உலகத்தை வென்று ஊர் திரும்பியவனுக்கு ஊரின் வழக்கம் மாறிவிடவில்லை. பதக்கம் கழுத்தில் இருந்தாலும் தோல் கறுப்புத்தானே!

ஆனால் லூயிவில் நகரத்துப் பணக்காரர்களின் கணக்கு வேறு. பதினொரு வெள்ளைக்காரக் கனவான்கள் ஒன்றுகூடி ஒரு குழு அமைத்தார்கள். பத்தாயிரம் டாலர் முன்பணம் கொடுத்து, பயிற்சிச் செலவை ஏற்றுக்கொண்டு, அவன் சம்பாதிப்பதில் பாதியைத் தங்களுக்கு என்று ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். அந்தத் தொழிலில் இருந்த மற்ற முதலாளிகளோடு ஒப்பிட்டால் இவர்கள் நாணயமானவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறோம். வீரனின் பிற்காலத்துக்கென்று ஒரு பங்கை ஒதுக்கியும் வைத்தார்கள். ஆனால் தோழர்களே, நல்ல முதலாளியின் கணக்கே இதுதான் என்றால், கெட்ட முதலாளியின் கணக்கு எப்படி இருக்கும்? குத்து வாங்குகிறவன் ஒருவன். பாதி வாங்குகிறவர்கள் பதினொருவர்.

1964 பிப்ரவரி 25-இல் மியாமி பீச்சில், உலகமே அஞ்சிய சானி லிஸ்டனை அவர் தோற்கடித்தார். ஏழாவது சுற்றுக்கு மணி அடித்தபோது லிஸ்டன் எழுந்து வரவில்லை. இருபத்திரண்டு வயதில் உலக ஹெவிவெயிட் சாம்பியன். அடுத்த சில தினங்களில், தான் இஸ்லாத்தைத் தழுவியதாக வெளிப்படையாகச் சொன்னார். காசியஸ் கிளே என்பது அடிமைக் காலத்துப் பெயர், இனி என் பெயர் முகம்மது அலி என்று அறிவித்தார். அமெரிக்கப் பத்திரிகைகளில் பல, வருஷக் கணக்கில் அந்தப் பெயரை அச்சிட மறுத்தன. ஒரு மனிதன் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்ளும் உரிமையைக்கூட எஜமானர்கள் விட்டுக்கொடுக்க மனமில்லாமல் இருந்தார்கள்!

“மாட்டேன்” என்ற ஒரு சொல்

இப்போது மறைக்கப்பட்ட பாதிக்கு வருவோம்.

வியத்நாம் மக்கள் மீது அமெரிக்க ஏகாதிபத்தியம் தொடுத்த யுத்தம் உச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 1964-இல் ராணுவத்தின் எழுத்துத் தேர்வில் தேறாதவர் என்று அலியைத் தள்ளி வைத்திருந்தார்கள். யுத்தத்திற்கு ஆள் போதாமல் போனதும் 1966-இல் தகுதி அளவைக் குறைத்தார்கள். தேறாதவர் ஒரே நாளில் தேறியவர் ஆனார்! ஏழை வீட்டுப் பிள்ளை படிப்புக்குத் தகுதியில்லை, வேலைக்குத் தகுதியில்லை, சாவுக்கு மட்டும் தகுதி! இந்தக் கணிதம் நமக்குப் புதிதல்ல.

வியத்நாம் மக்களோடு தமக்கு எந்தச் சண்டையும் இல்லை என்று அலி 1966-லேயே பகிரங்கமாகச் சொன்னார். 1967 ஏப்ரல் 28-இல் ஹூஸ்டன் நகரத்துப் படைசேர்ப்பு நிலையத்தில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். ஓரடி முன்னே வைக்க வேண்டும், அதுதான் சம்மதம். அவர் அசையவில்லை. மீண்டும் கூப்பிட்டார்கள். அசையவில்லை.

உலகத்தில் எவரையும் கீழே தள்ளக்கூடிய அந்த மனிதர், தம் வாழ்நாளின் மிகப் பெரிய வெற்றியை ஒரு கையையும் ஓங்காமல், ஓர் அடியும் எடுத்து வைக்காமல் பெற்றார். வேலைநிறுத்தம் செய்த ஒவ்வொரு தொழிலாளிக்கும் இதன் பொருள் விளங்கும். இயந்திரத்தை உடைப்பதில் அல்ல, இயந்திரத்தின் முன்னே கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில்தான் நம் பலம் இருக்கிறது.

அன்றைய தினமே நியூயார்க் மாகாணக் குத்துச் சண்டைக் கமிஷன் அவருடைய லைசென்சை நிறுத்தி வைத்தது. சாம்பியன் பட்டம் பறிக்கப்பட்டது. வழக்குக்கும் விசாரணைக்கும் முன்பே தண்டனை! ஜூன் 20-ஆம் தேதி, முழுக்க வெள்ளையர் அடங்கிய ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. ஐந்தாண்டுச் சிறை, பத்தாயிரம் டாலர் அபராதம். பாஸ்போர்ட்டும் பிடுங்கப்பட்டது. அப்பீல் செய்து ஜாமீனில் வெளியே இருந்தார். ஆனால் உள்நாட்டில் சண்டை போட லைசென்ஸ் இல்லை, வெளிநாடு போகப் பாஸ்போர்ட் இல்லை. சங்கம் வைத்தவனைக் கதவடைப்புச் செய்து, வேறெந்த ஆலையிலும் வேலை கிடைக்காதபடி பெயரைக் குறித்து அனுப்பும் முதலாளிகளின் வழக்கம் நமக்குத் தெரிந்ததே. சாம்பியனுக்கும் அதேதான் நடந்தது. இருபத்தைந்து வயதிலிருந்து இருபத்தெட்டு வயது வரை, ஒரு வீரனின் உடல் முழுப் பக்குவத்தில் இருக்கும் மூன்றரை ஆண்டுகள் கைவிலங்கு போட்டதுபோல் கழிந்தன.

அவர் என்ன செய்தார்? கல்லூரி கல்லூரியாகப் போய் மாணவர்களிடையே பேசினார். யுத்தத்தை எதிர்த்தார். நிறவெறியை எதிர்த்தார். அதே காலத்தில் நம் நாட்டிலும் வியத்நாமுக்கு ஆதரவுக் குரல் எழுந்தது. 1968 நவம்பரில் மக்னமாரா கல்கத்தாவுக்கு வந்தபோது அந்நகரத்து மக்கள் தெருவில் இறங்கி எதிர்த்ததை அவர் மறந்திருக்க மாட்டார். கல்கத்தாவின் தொழிலாளியும் லூயிவில் பெயின்டரின் மகனும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே அணியில் நின்றார்கள். சர்வதேசியம் என்று நாம் சொல்வது இதைத்தான்.

1971 ஜூன் 28-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்குச் சூனியம் என்ற கணக்கில் தண்டனையை ரத்து செய்தது. பட்டத்தைப் பறித்தவர்கள் மன்னிப்புக் கேட்டார்களா? இழந்த ஆண்டுகளைத் திருப்பித் தந்தார்களா? இல்லை. நீதி கிடைத்தது, காலம் கிடைக்கவில்லை. வேலைநீக்க வழக்கில் பத்து வருஷம் கழித்து ஜெயித்த தோழர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

கீழ்ப்படிந்தவருக்கு என்ன கிடைத்தது?

“அலி கொஞ்சம் வளைந்து போயிருக்கலாமே! ராணுவத்தில் சேர்ந்தாலும் துப்பாக்கி பிடிக்காமல் காட்சிச் சண்டை போட்டுக் காலம் தள்ளியிருக்கலாமே!” என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். இதற்கு விடை ஜோ லூயிஸின் வாழ்க்கையில் இருக்கிறது.

ஜோ லூயிஸ் அலபாமாவில் பருத்தி வயல் வாரக் குடியானவர் குடும்பத்தில் 1914-இல் பிறந்தவர். 1937 முதல் 1949 வரை உலகச் சாம்பியன். 1938-இல் ஹிட்லரின் ஜெர்மனி பெருமையாகக் காட்டிய ஷ்மெலிங்கை முதல் சுற்றிலேயே வீழ்த்தியபோது உலகெங்கும் பாசிச எதிர்ப்பாளர்கள் ஆரவாரித்தார்கள். பாசிசத்துக்கு எதிரான யுத்தத்தில் அவர் ராணுவத்தில் சேர்ந்தார். அது நியாயமான யுத்தம். பந்தயத்தில் கிடைத்த தொகையைக் கடற்படை, தரைப்படை நிவாரண நிதிகளுக்கு வழங்கினார். யுத்தம் முடிந்தது. அரசாங்கம் அவரை என்ன செய்தது? வருமான வரிப் பாக்கி என்று வருஷக் கணக்கில் துரத்தியது. கடன் அடைக்க வயது போன பிறகும் மேடை ஏறினார்; மல்யுத்தம்கூடச் செய்தார். கடைசிக் காலத்தில் லாஸ் வேகாஸில் ஒரு சூதாட்ட ஓட்டலில் வருகிறவர்களுக்குக் கை கொடுத்து வரவேற்கும் வேலை பார்த்தார்.

ஆகவே தோழர்களே, கீழ்ப்படிந்தால் எஜமானன் காப்பாற்றுவான் என்பது பொய். கீழ்ப்படிந்தவரும் கைவிடப்பட்டார், எதிர்த்தவரும் தண்டிக்கப்பட்டார். ஆனால் எதிர்த்தவருக்கு ஒன்று மிச்சம்: அவருடைய பெயர் மக்களுடையதாயிற்று.

ஏழையை ஏழை மீது ஏவும் வித்தை

அலியின் புகழை மட்டும் பாடி நிறுத்துவது நம் வேலையல்ல. அவர் செய்த பிழையையும் சொல்ல வேண்டும். ஏனெனில் அந்தப் பிழை நம்மிடையேயும் தினந்தோறும் நடக்கிறது.

ஜோ ஃப்ரேசியர் தென் கரோலினாவில் வயல் வேலை செய்த ஏழைக் குடும்பத்தின் மகன். பிழைப்புத் தேடி வடக்கே வந்து, ஃபிலடெல்ஃபியாவில் மாடு வெட்டும் கூடத்தில் கூலி வேலை செய்தவர். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். அலியின் லைசென்ஸ் பறிக்கப்பட்டிருந்த நாட்களில் அவருக்குப் பண உதவி செய்தவர். அவருக்கு மீண்டும் லைசென்ஸ் தர வேண்டுமென்று குரல் கொடுத்தவர். அப்படிப்பட்ட ஃப்ரேசியரை, 1971 மார்ச் 8-ஆம் தேதி நியூயார்க் சண்டைக்கு முன்பு வெள்ளையரின் அடிவருடி என்று அலி ஏசினார். 1975 மணிலா சண்டைக்கு முன்பு மனிதக் குரங்கு என்றார். ஏச்சு வளர வளர டிக்கெட் விற்பனை வளர்ந்தது. வயல் தொழிலாளியின் மகனைப் பெயின்டரின் மகன் இழிவுபடுத்த, பணம் போட்டவர்கள் கல்லாவில் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

நியூயார்க்கில் ஃப்ரேசியர் ஜெயித்தார். மணிலாவில், மார்க்கோஸின் ராணுவச் சட்ட ஆட்சியின் கீழ், பதினான்கு சுற்றுகள் இருவரும் ஒருவரையொருவர் சிதைத்துக்கொண்டார்கள். கண்கள் வீங்கி மூடிக்கொண்ட ஃப்ரேசியரைப் பதினைந்தாவது சுற்றுக்கு அனுப்ப அவருடைய பயிற்சியாளர் மறுத்துவிட்டார். ஜெயித்த அலியும் நிற்க முடியாமல் சாய்ந்தார். அந்த ஏச்சு தந்த புண் ஃப்ரேசியரின் மனதில் பல்லாண்டுகள் ஆறவில்லை. 2011-இல் அவர் காலமானார்.

தாம்பரம் ஏற்றுமதி மண்டலத்தில் ஆலைகள் இயங்கிவருகின்றன. அங்கேயும் சுற்றுவட்டத் தொழிற்பேட்டைகளிலும் நிரந்தரத் தொழிலாளி ஒருபுறம், காண்டிராக்ட் தொழிலாளி மறுபுறம். உள்ளூர்க்காரன் ஒருபுறம், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவன் மறுபுறம். “அவன் வந்ததால்தான் உன் கூலி குறைந்தது” என்று காதில் ஓதுகிறவன் யார்? கிராமத்தில் ஊரையும் சேரியையும் மோதவிட்டு அறுவடைக் கூலியைக் குறைக்கிறவன் யார்? மேடையைப் போட்டவன்தான். நாம் ஒருவரையொருவர் ஏசும்போதெல்லாம் எங்கோ டிக்கெட் விற்கிறது என்பதை மறந்துவிடலாகாது.

கின்ஷாசாவிலும் சென்னையிலும்

1974 அக்டோபர் 30-இல் ஆப்பிரிக்காவின் ஜயர் நாட்டுத் தலைநகர் கின்ஷாசாவில், முப்பத்திரண்டு வயது அலி, தம்மைவிட இளையவரும் பலசாலியுமான ஜார்ஜ் ஃபோர்மனை எட்டாவது சுற்றில் வீழ்த்திப் பட்டத்தை மீட்டார். கயிற்றில் சாய்ந்து நின்று, அடியை வாங்கி வாங்கி எதிரியைக் களைக்க விட்டு, சமயம் பார்த்துத் திருப்பி அடித்தார். பொறுமையின் போர் முறை அது. ஆப்பிரிக்க மக்கள் அவரைத் தம் பிள்ளையாகவே கொண்டாடினார்கள்.

ஆனால் ஆளுக்கு ஐம்பது லட்சம் டாலர் என்ற பணம் எங்கிருந்து வந்தது? சர்வாதிகாரி மொபுட்டுவின் அரசாங்கம் பொறுப்பேற்ற பணம் அது. காங்கோ மக்களின் தலைவர் பாட்ரிஸ் லுமும்பா 1961-இல் கொல்லப்பட்ட நாடு அது. தாமிரச் சுரங்கத்தில் இறங்குகிறவனின் வயிற்றில் அடித்து, உலகத்தின் முன் தன் ஆட்சிக்குப் பவுடர் பூசிக்கொண்டான் மொபுட்டு. வீரனின் கை வென்றது. கொடுங்கோலனின் பெயர் விளம்பரமாயிற்று.

1980-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அலி நம் சென்னைக்கே வந்தார். நேரு ஸ்டேடியத்தில், தம் ஊர்க்காரரும் முன்னாள் சாம்பியனுமான ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை ஆடினார். ரசிகர்கள் திரண்டு கண்டார்கள். அதே பயணத்தின்போதுதான், அவர் இந்தியாவில் இருக்கையிலேயே, அமெரிக்க ஜனாதிபதி கார்ட்டரிடமிருந்து அழைப்பு வந்தது. மாஸ்கோ ஒலிம்பிக்கைப் பகிஷ்கரிக்கும்படி ஆப்பிரிக்க நாடுகளை இணங்க வைக்க வேண்டும் என்பது அந்த அழைப்பு. அலி சம்மதித்து, அமெரிக்க அரசாங்க விமானத்தில் இங்கிருந்து தான்சானியாவுக்குப் பறந்தார்.

அங்கே என்ன நடந்தது? ஜனாதிபதி நியரேரே அவரைச் சந்திக்கவே மறுத்துவிட்டார். நிருபர்கள் அலியைக் கேள்விகளால் மடக்கினார்கள். நிறவெறித் தென்னாப்பிரிக்காவுக்குப் போய் விளையாடிய நியூஸிலாந்தை விலக்கக் கோரி 1976-இல் ஆப்பிரிக்க நாடுகள் மான்ட்ரியல் ஒலிம்பிக்கைப் பகிஷ்கரித்தபோது அமெரிக்கா எங்கே போயிருந்தது என்று கேட்டார்கள். தமக்கு அந்தச் செய்தியே தெரியாது என்று அலி ஒப்புக்கொண்டார். இந்தப் பயணத்தில் தாம் பயன்படுத்தப்பட்டிருக்கலாம் என்பதையும் வெளிப்படையாகச் சொன்னார். 1967-இல் அரசாங்கத்தின் சிறைக்கு அஞ்சாதவர், 1980-இல் அரசாங்கத்தின் மரியாதைக்கு மயங்கினார். அடிக்கிற கையை எதிர்ப்பதைவிடத் தட்டிக்கொடுக்கிற கையை எதிர்ப்பது கடினம். நிர்வாகத்தின் அறைக்குத் தனியே அழைக்கப்படும் ஒவ்வொரு சங்கத் தலைவரும் இதை நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டும்.

உடைந்த உடலும் குறைந்த கூலியும்

1977-இலேயே அலியின் டாக்டர், சிறுநீரகம் பழுதாகி வருகிறது, இனிச் சண்டை வேண்டாம் என்று சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதினார். பதிலே வராததால் விலகிக்கொண்டார். ஏன் பதில் இல்லை? கறக்கிற மாட்டை யார்தான் கட்டவிழ்த்துவிடுவார்? 1978 பிப்ரவரியில் பட்டத்தை இழந்து, செப்டம்பரில் மூன்றாம் முறையாக மீட்டார். 1979-இல் ஓய்வு பெற்றார். ஆனால் பெருந்தொகை மீண்டும் மேடைக்கு இழுத்தது. 1980 அக்டோபர் 2-இல் லாஸ் வேகாஸில், முன்பு தமக்குப் பயிற்சித் துணையாக இருந்த லாரி ஹோம்ஸிடம் பத்து சுற்றுகள் அடி வாங்கினார். எதிராளியே இரக்கப்பட்டு அடியைக் குறைத்துக்கொண்ட சண்டை அது.

அத்தனை அடியும் வாங்கிய பிறகு, பேசியபடி எண்பது லட்சம் டாலர் வந்ததா? பத்து லட்சம் டாலருக்கு மேல் குறைத்துக் கொடுத்தார் பந்தயம் நடத்தியவர். அலி வழக்குப் போட்டார். கடைசியில் ஐம்பதாயிரம் டாலரை வாங்கிக்கொண்டு வழக்கை முடித்தார். உலகத்தின் தலைசிறந்த வீரனின் கூலியிலேயே இவ்வளவு பிடித்தம் என்றால், ஓவர்டைம் கணக்கில் நம்மவனை ஏமாற்றுவது எம்மாத்திரம்?

1981 டிசம்பரில் பஹாமாவில் கடைசிச் சண்டை, அதிலும் தோல்வி. மொத்தம் 61 சண்டைகள், 56 வெற்றி, 5 தோல்வி. 1984-இல் பார்க்கின்சன் நோய் என்று டாக்டர்கள் கண்டார்கள். உலகத்திலேயே வேகமான கைகள் நடுங்கத் தொடங்கின. ஓயாமல் பேசிய வாய் மெல்ல மெல்ல அடங்கியது. 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக் தீபத்தை நடுங்கும் கையால் ஏற்றினார். எந்த அரசாங்கம் அவரைச் சிறைக்கு அனுப்பத் துடித்ததோ அதே அரசாங்கம் மாலை போட்டது. பேச முடியாதவனைப் பாராட்டுவது ஆளும் வர்க்கத்துக்கு எப்போதும் சுலபம். 2016 ஜூன் 3-இல், 74-ஆம் வயதில் அவர் காலமானார்.

அவர் வென்ற லிஸ்டனின் கதி என்ன? ஆர்க்கன்ஸாஸ் பருத்தி வயலில் ஏராளமான பிள்ளைகளில் ஒருவராகப் பிறந்து, எழுதப் படிக்கத் தெரியாமல் வளர்ந்து, சிறைக்குள் குத்துச் சண்டை பழகி, ரௌடிக் கும்பல்களின் கையில் சிக்கியவர் அவர். 1971 ஜனவரியில் தம் வீட்டில் பிணமாகக் கண்டெடுக்கப்பட்டார். லூயிஸ், லிஸ்டன், ஃப்ரேசியர் மூவருமே வயல் தொழிலாளிகளின் பிள்ளைகள். பண்ணையார் வீட்டுப் பிள்ளை யாராவது தலையில் அடி வாங்கிப் பிழைக்க வந்தானா?

2000-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பார்லிமெண்ட், வீரர்களைப் பிணைக்கும் அநியாய ஒப்பந்தங்களைக் கட்டுப்படுத்தவும் பந்தயக் கணக்கை வீரனுக்குக் காட்டச் செய்யவும் ஒரு சட்டம் இயற்றிற்று. அதற்கு முகம்மது அலியின் பெயரையே வைத்தார்கள். சட்டம் வந்தபோது அவர் கை நடுங்கத் தொடங்கிப் பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

நம் மண்ணில்

குத்துச் சண்டை நமக்கு அன்னியமல்ல. வடசென்னையில் துறைமுகத் தொழிலாளிகளும் மீனவர்களும் வெள்ளைக்காரச் சிப்பாய்களைப் பார்த்துக் கற்று, அவர்களையே எதிர்த்து நின்ற விளையாட்டு அது. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று பெயர் சொல்லி வளர்த்தார்கள். 2021-இல் வந்த திரைப்படம் அந்தப் பெயர்களை நம் பிள்ளைகளுக்கு மீண்டும் நினைவூட்டியது. அந்தச் சென்னையிலிருந்து வந்த வெ. தேவராஜன் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடினார்; 1994-இல் பாங்காக் உலகக் கோப்பைப் போட்டியில் வெண்கலம் வென்றார்; அர்ஜுனா விருது பெற்றார். நம் சேரிகளிலும் குப்பங்களிலும் திறமைக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் எதற்கு? மைதானத்துக்கு, பாலுக்கும் முட்டைக்கும், காயம் பட்டால் கட்டுப் போடும் கைக்கு, ஆடி முடித்த பிறகு உட்கார ஒரு வேலைக்கு!

2021-இல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. ஏரிப் புறம்போக்கும் மேய்ச்சல் நிலமும் வயலும் மனைகளாக மாறி வருவதைக் கண்ணால் பார்க்கிறோம். தொழிலாளி வீட்டுப் பிள்ளை ஓடி ஆடச் சம்பளம் கட்டும் கூடத்தைத்தான் தேட வேண்டுமா? ஆகவே நாம் கோருவது இவை: ஒவ்வொரு வட்டாரத்திலும் பொது மைதானமும், கட்டணமில்லாப் பயிற்சியும் வேண்டும். போட்டியில் இறங்கும் ஒவ்வொரு இளைஞனுக்கும் யுவதிக்கும் முன்னும் பின்னும் டாக்டர் பரிசோதனை வேண்டும். தலைக்காயத்துக்கு இன்ஷூரன்ஸ் வேண்டும். ஆடி ஓய்ந்த வீரர்களுக்குப் பென்ஷன் வேண்டும். பணப் பந்தயம் நடத்துகிறவர் எவராயினும் வரவு செலவை வீரர் முன் வைக்கச் சட்டம் வேண்டும்.

“மேடையில் தனியே நிற்பவனுக்குச் சங்கம் எதற்கு?” என்று கேட்பார்கள். 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றும் முன்பு பின்னி ஆலைத் தொழிலாளியையும் இப்படித்தான் கேட்டார்கள். பெருங்களத்தூர் ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலை 1980-களின் பிற்பகுதியில் உற்பத்தியை நிறுத்தியபோது, எந்தத் தனித் தொழிலாளியின் கைத்திறனாவது அதை மீண்டும் ஓட வைத்ததா? தனி மனிதனின் திறமை பெரியதுதான்; ஆனால் அது தனியே நிற்கும் வரை அதற்கு விலை வைக்கிறவன் வேறொருவன். முகம்மது அலிக்கு இரண்டு கைகளும் இருந்தன, உலகத்து மக்களின் அன்பும் இருந்தது. டாக்டரின் கடிதத்தை மதிக்கச் செய்யவும், கூலிப் பாக்கியைக் கறக்கவும் ஒரு சங்கம் இல்லை. நம்மிடம் அவருடைய கைகள் இல்லை. ஆனால் சங்கம் இருக்கிறது.

இளைஞர்களே! பனியனில் அவர் படத்தைப் போட்டுக்கொள்ளுங்கள், தவறில்லை. ஃபோர்மனை வீழ்த்திய அந்தக் குத்தைப் பாருங்கள், ரசியுங்கள். ஆனால் ஹூஸ்டனில் அவர் எடுத்து வைக்க மறுத்த அந்த ஓரடியை மறந்துவிடாதீர்கள். அநியாய யுத்தத்துக்கு ஆள் கேட்டாலும், ஜாதிச் சண்டைக்கு ஆள் கேட்டாலும், சக தொழிலாளியின் வேலைநிறுத்தத்தை உடைக்க ஆள் கேட்டாலும், அந்த ஓரடியை எடுத்து வைக்காதீர்கள். அவர் தனியே நின்று மறுத்தார். மூன்றரை ஆண்டுகளை இழந்தார். நாம் சேர்ந்து நின்று மறுப்போம்!